முதல் வரிக்கு முந்தின ஆள்

"நீ பார்த்தியா? அவர் சாப்பிட்டதை உன் கண்ணால பார்த்தியா?"

"கண்ணால வேற பார்க்கணுமா அண்ணி? சாப்பாட்டு டப்பாவைப் பையில வெச்சுக் கொடுத்தது யாரு? அவர். இப்போ பையில டப்பா இல்லை. நடுவுல வேற யாராவது கை வெச்சாங்களா? கிடையாது. அப்போ முழுங்கினது அவர்தான். துப்பறியறதுல இது அரிச்சுவடி."

"வெச்சவரே எதுக்குப்பா எடுக்கப்போறார்?"

"வெச்சவருக்குத்தானே எங்கே இருக்குன்னு தெரியும்!"

"அதுக்காகச் சொந்த அண்ணனுக்குப் போன் போட்டு, திருட்டுப் பூனைன்னா திட்டுவே?"

"பூனைன்னு மட்டும்தான் சொன்னேன். திருட்டுங்கிறதை அவராவே சேர்த்துக்கிட்டார். மனசாட்சி உறுத்தியிருக்கும்."

நீச்சல்குளத்தின் நீண்ட தாழ்வாரத்தில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். மருந்து கலந்த தண்ணீரின் வாசனை மூக்கைக் கிள்ளியது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போனவள் ஊர் முழுக்க 'அண்ணி' என்று மட்டுமே அறியப்பட்ட துப்பறிவாளர். சைக்கிள் காணாமல் போனாலும் சரி, மாப்பிள்ளை காணாமல் போனாலும் சரி, "அண்ணியைக் கூப்பிடு" என்பார்கள். பின்னால் தோளில் நீலத் துணிப்பையோடு இழுபட்டு வந்தவன், அவளை அப்படிக் கூப்பிடும் முறையான உரிமை பெற்ற ஒரே ஆள்: அவள் கணவரின் தம்பி. பார்த்த வேலைகள் எல்லாம் அவனைக் கைவிட்ட பிறகு அண்ணியின் உதவியாளன் ஆனவன். அண்ணி கோபத்தில் இருந்தால் அவனைக் 'கொழுந்தனாரே' என்பாள். அதனால் நாமும் அவனைக் கொழுந்தன் என்றே சொல்வோம்.

கொழுந்தனுக்குப் பசி கண்ணை மறைத்தது. காலையில் இதே குளத்தில் கைகால் அடித்துவிட்டு நேராக அண்ணியின் ஆபீசுக்குப் போனவன். மத்தியானம் பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பா இல்லை. கடைக்கு ஓடலாம் என்று செருப்பை மாட்டும்போது இங்கிருந்து போன் வந்துவிட்டது. கடைசி நம்பிக்கையாக மறுபடியும் பைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"ம்ஹூம். மெத்துமெத்துனு ஏதோ துணிதான் தட்டுது."

"என்ன துணி?" அண்ணி சட்டென்று திரும்பினாள்.

அவன் பதில் சொல்வதற்குள் எதிரில் இருந்த கதவு திறந்தது.

"வாங்க மேடம், வாங்க, வாங்க, உட்காருங்க, உட்கார நேரமில்லை, சரி உட்காருங்க" என்றார் நீச்சல்குளத்தின் மேனேஜர்.

மனிதருக்கு அவசரம் என்பது ரத்தத்தில் ஓடியது. அவர்கள் உட்காருவதற்குள் மின்விசிறியைப் போட்டார். அது வேகம் எடுப்பதற்குள் போதாது என்று அணைத்து, டக் என்று மறுபடி போட்டார். விசிறி அதைப் பொருட்படுத்தாமல் தன்பாட்டுக்குச் சுற்றியது.

அறையின் மூலையில் ஒருவர் தலையில் வெள்ளைத் துண்டை முண்டாசு போலச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் ஒரு இளம்பெண் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்து நின்றாள். அழுது முடித்து, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகம்.

முண்டாசுக்காரர் திரும்பி, "வணக்கம்" என்றார். கொழுந்தன் துள்ளி எழுந்தான். அந்தக் குரலைத் தினமும் மாலைச் செய்தியில் கேட்கிறான். அடர்த்தியான சுருள்முடியும் ஆழமான குரலுமாக நாட்டுக்கே செய்தி வாசிப்பவர்.

"ஐயா காலையில நீந்த வந்தார்" என்று மேனேஜர் படபடத்தார். "பொருளைப் பெட்டியில வெச்சுப் பூட்டினார். நீந்திட்டு வந்து திறந்தா பெட்டி காலி. போலீசுக்குச் சொல்றேன்னா வேண்டாங்கிறார். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"என்ன பொருள் சார்?"

"ஒரு... தனிப்பட்ட பொருள்" என்றார் செய்தி வாசிப்பாளர்.

"எவ்வளவு பெரிசு இருக்கும்?"

அளவு காட்டக் கிளம்பிய அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே காதுகளுக்கு மேலே போய், பாதி வழியில் விழித்துக்கொண்டு கீழே இறங்கின.

"புரிஞ்சுது. முழுக்கக் கறுப்பா?"

"கறுப்பு." கொஞ்சம் யோசித்தார். "காதோரம் ரெண்டு நரை. நம்பகமா இருக்கணும்னு வைக்கச் சொன்னேன். ஒரு பட்டுத் துணியில சுத்தி வெச்சிருந்தேன்."

கொழுந்தன் குனிந்து அண்ணியின் காதில் கேட்டான். "எதைச் சொல்றார்?"

"முடி."

"யாரோட முடி?"

"விலை கொடுத்தவரோட முடி. பேசாம இரு."

மேனேஜர் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். "இந்தப் பெட்டிகளோட பூட்டு எல்லாம் எலெக்ட்ரானிக் மேடம். ஒவ்வொரு கதவிலயும் எண் அழுத்தற பொத்தான் இருக்கு. நாம ஒரு எண் வெச்சுப் பூட்டணும், அதே எண்ணைப் போட்டாத்தான் திறக்கும். கதவு எதுவும் உடையலை. ஐயாவோட எண் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்போ யாருக்கும் தெரியாம திறக்கிற கள்ளவழி யாருக்குத் தெரியும்? புரோகிராம் எழுதினவங்களுக்குத்தானே? எழுதினது இவங்க. நேத்துக்கூட ஏதோ பார்க்கணும்னு வந்துட்டுப் போனாங்க. முடிஞ்சது கேஸ்!"

"நல்ல வாதம்" என்று தலையாட்டினான் கொழுந்தன். "வெச்சவங்களுக்குத்தானே எங்கே இருக்குன்னு தெரியும்."

அண்ணி பார்த்த பார்வையில் அவன் தலையாட்டுவதை நிறுத்தினான்.

"கள்ளவழி எதுவும் வைக்கலை" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றான் கொழுந்தன், பழக்கதோஷத்தில்.

அவள் அவனைப் பார்க்காமல் அண்ணியிடம் சொன்னாள். "நான் செய்யறது பூட்டு, மேடம். பூட்டு செய்யறவ பேர்ல ஒரு தடவை திருட்டுக் கேஸ் விழுந்துட்டா, அப்புறம் ஒரு கதவுகூட என்னை நம்பாது. கேஸ் பொய்னு ஆனாலும் அந்தப் பேச்சு போகாது."

செய்தி வாசிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பற நேரம் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள கிடைக்கலைன்னா மேனேஜர் சொல்றபடி போலீஸ். என்ன செய்யறது? முண்டாசு கட்டிக்கிட்டு வானிலை வாசிக்க முடியாது."

*

பெட்டிகள் நின்ற கூடத்தில் ஈரத் தரை மினுங்கியது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி விளக்கு. பர்ஸ், கடிகாரம், கைப்பை வைக்கும் அளவுதான். ஓரத்தில் எல்லாப் பூட்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய சுவிட்ச்.

பெண் ஒரு கதவில் ஏதோ ஒரு எண்ணை அழுத்திவிட்டுச் சுவிட்சை அணைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, மூடி, பிறகு சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் எரிந்தன. ஒரு கதவைப் பூட்டி, வாய்க்கு வந்த எண்களை எல்லாம் அழுத்திக் காட்டினாள். கதவு அசையவில்லை. அவள் வைத்த எண்ணுக்கு மட்டும் திறந்தது.

"காலையிலேருந்து இப்படித்தான் சோதிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு தடவைகூடத் தப்பா திறக்கலை."

"சரியா வேலை செய்யறதுதான் உங்களுக்கு எதிரான சாட்சியா?" என்றான் கொழுந்தன். "பரிதாபம். நான் பார்த்த வேலையில எல்லாம் நேர்மாறா நடக்கும்."

"காலையில கதவைத் திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று மேனேஜரைக் கேட்டாள் அண்ணி.

"பெட்டிகளைத் துடைக்கணும். அதுக்கு மாஸ்டர் எண் ஒன்னு இருக்கு. அதைப் போட்டுட்டா எந்தக் கதவும் எந்த எண்ணுக்கும் திறக்கும். எதையாவது அமுக்கி, திறந்து, துடைச்சு மூடிக்கிட்டே போகலாம். முடிஞ்சதும் இந்தச் சுவிட்சை அணைச்சுப் போட்டா மாஸ்டர் போட்டதை மறந்துடும். அப்புறம்தான் ஆட்களை உள்ளே விடுவேன்."

"எதனால மறக்கும்?" அண்ணி பெண் பக்கம் திரும்பினாள்.

"மெம்பருங்க வைக்கிற எண் எல்லாம் அழியாத மெமரியில இருக்கும். மாஸ்டர் போட்டிருக்குங்கிறதை மட்டும் வேலை பார்க்கிற மெமரியில ஒரு இடத்துல ஒன்னுன்னு குறிச்சு வெச்சிருப்பேன். புரோகிராம் புதுசா ஆரம்பிக்கும்போது அது பூஜ்யமா இருக்கும்."

"நீ எழுதினதுல முதல் வரி எது?"

"எல்லாப் புரோகிராமும் மெயின்னு ஒரு இடத்துலேருந்து ஆரம்பிக்கும். அதுதான் முதல் வரி."

"அந்த முதல் வரியில பூஜ்யமாக்கறியா?"

"இல்லை. அங்கே வரும்போதே பூஜ்யமாத்தான் இருக்கும்."

"யார் ஆக்கினது?"

"யாரும் இல்லை. அது... அப்படித்தான் இருக்கும் மேடம்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான்" என்றாள் அண்ணி. "அவன் கழட்டிப் போடற துணி தானா துவைஞ்சு, தானா மடிஞ்சு, அலமாரிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"உட்கார்ந்துக்கலையா பின்னே?" என்றான் கொழுந்தன் நிஜமான ஆச்சரியத்தோடு.

"உங்க அண்ணன் மடிச்சு வைக்கிறார், கொழுந்தனாரே. நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி."

முண்டாசின் அடியிலிருந்து அந்தப் புகழ்பெற்ற குரல் எழுந்தது. "மேடம் சொல்றது சரி. நான் வணக்கம்னு ஆரம்பிக்கிறதை நீங்க பார்க்கிறீங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மைக்கை மாட்ட ஒரு ஆள், விளக்கைத் திருப்ப ஒரு ஆள். எனக்கு எதிர்ல ஒரு திரை இருக்கும், அதுல ஓடறதைத்தான் வாசிப்பேன். முந்தின நாள் எழுத்தை அதுலேருந்து அழிக்கவே தனியா ஒரு ஆள் உண்டு. ஒரு நாள் அந்த ஆள் லீவு." அவர் பெருமூச்சு விட்டார். "முந்தின நாள் மழையை நான் மறுநாளும் கம்பீரமா பெய்ய வெச்சேன். ஊரெல்லாம் குடையோட வெயில்ல நின்னுச்சு."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ரத்தம் இறங்கி, மறுபடி ஏறியது.

"ஸ்டார்ட்அப் கோடு" என்றாள் பெண் மெதுவாக.

"தமிழ்ல சொல்லும்மா."

"மெயினுக்கு முன்னாடி ஓடற குட்டிப் புரோகிராம் மேடம். நான் எழுதறதைப் பூட்டோட மூளையா இருக்கிற கம்ப்யூட்டர் சில்லுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கிறதுக்குக் கம்பைலர்னு ஒன்னு இருக்கு. அதுகூடவே வர்ற சின்னக் கோப்பு, எங்க கம்பெனியில எல்லாருக்கும் பொதுவா ஒன்னுதான். தானா வந்து என் புரோகிராமுக்கு முன்னாடி ஒட்டிக்கும். யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கிறதில்லை. நானும்தான்."

அவள் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று தலைகளும் ஒரு முண்டாசும் அவள் தோளுக்கு மேலே குவிந்தன.

"கரன்ட் வந்ததும் சில்லுக்கு ஒன்னுமே தெரியாது. மெயின்னு ஒன்னு இருக்கிறதுகூடத் தெரியாது. முதல்ல இந்தக் கோடுதான் எழுந்திருக்கும். பாதி வேலையை மேல மேல அடுக்கி வைக்க மெமரியில ஒரு மூலையைக் காட்டும். அந்த அடுக்கு இல்லாம மெயினால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது... இதோ, இருக்கு. அடுத்து, இன்ன இடத்துல இன்ன மதிப்புன்னு நான் முன்கூட்டியே எழுதினதை எல்லாம் அழியாத மெமரியிலேருந்து எடுத்து, வேலை பார்க்கிற மெமரியில பரப்பும்... இருக்கு. அப்புறம், மதிப்பு எதுவும் சொல்லாம நான் விட்டுவெச்ச இடங்களைத் துடைச்சுப் பூஜ்யமாக்கும். என் மாஸ்டர் குறி அங்கேதான் இருக்கு. அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் மெயினைக் கூப்பிடும்."

அவள் விரல் திரையில் இறங்கி, நின்று, மேலே போய், மறுபடி இறங்கியது.

"துடைக்கிறதைக் காணோம்."

"காணோம்னா?"

"இருக்க வேண்டிய வரிகள் இல்லை. பரப்பினதும் நேரா மெயினைக் கூப்பிடுது. யாரோ எடுத்திருக்காங்க."

மேனேஜரின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"போன மாசம்..." என்றார். "கரன்ட் போய் வந்தா விளக்கு எரியறதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஜனங்க ஈரத்தோட நடுங்கிக்கிட்டு நிப்பாங்க. என்னால பொறுக்க முடியலை. இவங்க கம்பெனியோட பெரிய எஞ்சினியரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் வந்தார், எதையோ தட்டினார், 'இனிமே பட்டுனு வரும்'னார். வந்துச்சு. பெரிய மூளைன்னு நினைச்சேன்."

"பெரிய மெமரி, மெதுவான சில்லு. துடைக்க நேரமாகும்" என்றாள் பெண். "துடைக்கிறதையே நிறுத்திட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சபாஷ்" என்றான் கொழுந்தன். "பாத்திரம் கழுவ நேரமாகுதுன்னு அதையே விட்டுட்ட மாதிரி."

"ஆனா மேடம், அதுலயும் ஒரு முடிச்சு இருக்கு." பெண் நெற்றியைச் சுருக்கினாள். "துடைக்கலைன்னா மாஸ்டர் குறி அப்படியே இருக்கணுமே? நான் மாஸ்டர் போட்டு எத்தனை தடவை அணைச்சுப் போட்டும் மறந்துடுதே!"

"அதான் நானும் சொல்றேன், பூட்டுல கோளாறு இல்லை!" மேனேஜர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இதெல்லாம் தப்பிக்கிறதுக்குச் சொல்ற கதை. ஐயா கிளம்ப நேரமாச்சு. நான் போலீசுக்கு..."

"பண்ணுங்க" என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. மாஸ்டர் எண்ணைப் போட்டு, காலையில செஞ்ச மாதிரியே சுவிட்சை அணைச்சுப் போடுங்க. நீங்களே. உங்க கையால."

மேனேஜர் உச்சுக் கொட்டினார். எண்ணை அழுத்தினார். சுவிட்ச் பக்கம் போனார்.

டக் டக்.

அணைத்தாரா போட்டாரா என்றே சொல்ல முடியவில்லை. பட்டென்று விளக்குகள் எரிந்தன.

"தம்பி, ஏதாவது ஒரு கதவு. ஏதாவது ஒரு எண்."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு நான்கு பொத்தான்களை அழுத்தினான். 'க்ளிக்' என்று கதவு திறந்தது. அடுத்த கதவில் வேறு நான்கு. க்ளிக். அதற்கடுத்ததில் முழங்கையால் அழுத்தினான். க்ளிக்.

"அண்ணி! இந்தப் பூட்டுக்கு என்னைப் பிடிச்சிருக்கு!"

"போதும், நிறுத்து." அண்ணி மேனேஜர் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். திறந்த கதவு வழியாக மின்விசிறி தெரிந்தது. "உள்ளே நுழைஞ்சதும் அந்த விசிறியை அணைச்சு உடனே போட்டீங்க. அது நின்னுச்சா? அணைச்சதே அதுக்குத் தெரியாது. மெமரியும் அப்படித்தான் போலிருக்கு. கரன்ட் போனாலும் ஒரு மூச்சு நேரம் எழுதினதை வெச்சுக்கிட்டிருக்கும். இந்தப் பொண்ணு நிதானமா அணைச்சு, தண்ணி குடிச்சு, பாட்டிலை மூடிப் போடறா. அதுக்குள்ள எல்லாம் தானா அழிஞ்சுடுது. நீங்க போட்டா, அழியறதுக்குள்ள திரும்பி வந்துடுது. மெமரியைத் துடைக்கிற ஆளையும் வேலையை விட்டு அனுப்பிட்டீங்க."

"எவ்வளவு தடவை சோதிச்சேன்..." என்றாள் பெண். "பொறுமையா சோதிச்சதுதான் தப்பா?"

"பொறுமை இல்லாதவங்களுக்குப் பூட்டு செய்யறே. நடுவுல கொஞ்சம் அவசரப்பட்டும் பார்க்கணும்" என்றாள் அண்ணி.

ஆனால் மேனேஜர் போனைப் பையில் வைக்கவில்லை. "அப்போ காலையில எல்லாப் பெட்டியும் திறந்த வீடா கிடந்திருக்கு. சரி. ஆனா அது யாருக்குத் தெரியும்? இவங்களுக்குத்தான் தெரியும்! தெரிஞ்சுதான் யார் மூலமாவோ எடுத்திருக்கணும்!"

"வேற எதாவது காணோம்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"பர்ஸ், கடிகாரம், போன்?"

"எல்லாம் அப்படியே இருந்துச்சு."

"எல்லாக் கதவும் திறக்கும்னு தெரிஞ்ச ஒரு திருடன் வந்து, அத்தனையையும் விட்டுட்டு, இந்த ஒன்னை மட்டும் தூக்கிட்டுப் போனானா?"

செய்தி வாசிப்பாளர் லேசாகப் புண்பட்டார். "விலை உயர்ந்த பொருள்தான் மேடம்."

"இல்லைன்னு சொல்லலை சார். எதுல வெச்சிருந்தீங்க?"

"இங்கே மெம்பர்களுக்குக் கொடுப்பாங்களே, நீலத் துணிப்பை. அதுல."

"எல்லா மெம்பர்கிட்டயும் இருக்கிற பை." அண்ணி பெட்டிகளின் வரிசை ஓரமாக நடந்தாள். குரலில் ஒரு குறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. "எடுத்தவனுக்கு, தான் எடுத்தது தெரியாது. குளிச்சிட்டு வந்தான். கண்ணுல தண்ணி, மனசு எங்கேயோ. தன் பெட்டின்னு நினைச்சு ஒரு கதவு முன்னாடி நின்னான். தன் எண்ணைப் போட்டான், திறந்துச்சு. கதவு மேல இருக்கிற நம்பரை எவன் பார்க்கிறான்? என் எண்ணுக்குத் திறந்தா என் பெட்டி. பையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அவனோட சொந்தப் பொருள் இன்னும் இங்கேதான், வேற ஒரு கதவுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கு. அதனால நாம திருடனைத் தேட வேண்டாம். காலையிலேருந்து தன்னோடது ஏதோ ஒன்னைக் காணோம் காணோம்னு புலம்பிக்கிட்டு, ஒரு பாவமும் அறியாதவங்க மேல பழியைப் போட்டுக்கிட்டுத் திரியற ஆளைத் தேடணும்."

"அப்படி ஒரு கிறுக்கன் இந்த ஊர்ல..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

வாக்கியம் பாதியில் நின்றது.

அவன் தோளிலிருந்த பை திடீரென்று எடை கூடியது போல இருந்தது. கை மெல்ல உள்ளே போனது. மெத்துமெத்து. துணி. துணிக்கு உள்ளே, துணி அல்லாத ஏதோ ஒன்று, சுருள் சுருளாக. அவனுக்கு உள்ளங்காலிலிருந்து வியர்த்தது.

அண்ணி வேறு பக்கம் திரும்பி ஒரு கதவின் எண்ணை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவன் பக்கத்தில் போய் உதடு அசையாமல் பேசினான். "அண்ணி. எல்லாக் கதவும் இப்போ திறக்கும். அவரோட பெட்டியில நைசா வெச்சுட்டா? இங்கேயே இருந்துச்சு, சரியா பார்க்கலைன்னு ஆயிடும். யாருக்கும் நஷ்டமில்லை."

அண்ணி கண்ணை மட்டும் ஒரு தடவை தரைப் பக்கம் ஓட்டினாள். தரையில் அந்தப் பெண் மடிக்கணினியை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மேலே மேனேஜர் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருந்தார். "ஹலோ, ஸ்டேஷனா? ஒரு நிமிஷம். உங்க முழுப்பேரைச் சொல்லும்மா" என்றார் அவளிடம்.

நைசாக வைத்துவிட்டால் முடி திரும்பி வரும். ஆனால் அந்தப் பெண் சொன்ன 'அந்தப் பேச்சு' போகாது. திருடியவளே பயந்து திருப்பி வைத்துவிட்டாள் என்பார்கள். கொழுந்தனுக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும், இன்று மத்தியானம் வரைக்கும்.

அவன் இரண்டே எட்டில் போய் மேனேஜரின் போனைப் பிடுங்கி அணைத்தான்.

"என் பேரை எழுதிக்குங்க" என்றான். பைக்குள்ளிருந்து பட்டுத் துணிச் சுருளை எடுத்து, கூடத்தின் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினான். "எடுத்தது நான். தெரியாமதான் எடுத்தேன். காலையில நான்தான் முதல்ல குளிச்சிட்டு வந்தவன். இந்தப் பொண்ணு எந்தக் கள்ளவழியும் வைக்கலை. கள்ளவழி வெச்சாலும் அதைக் கண்டுபிடிக்கிற மூளை எனக்குக் கிடையாது. எங்க அண்ணியையே கேளுங்க."

"அதுக்கு நான் சாட்சி" என்றாள் அண்ணி.

செய்தி வாசிப்பாளர் முன்னால் வந்தார். சுருளை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முதுகைக் காட்டினார். துண்டு விழுந்தது. அவர் மறுபடி திரும்பியபோது, காதோரம் இரண்டு நரையோடு, நாட்டின் நம்பிக்கைக்கு உரிய மனிதர் நின்றார். தோள்கள்கூட அகன்றுவிட்டன.

"முக்கியச் செய்தி" என்றார், மாலைகளில் கேட்கும் அதே குரலில். "நீச்சல்குளத்தில் இன்று காலை எந்தத் திருட்டும் நடக்கவில்லை. இளம் பொறியாளர் மீது சொல்லப்பட்ட புகார் ஆதாரமற்றது. விரிவான செய்திகள் கிடையாது. என்றைக்கும் கிடையாது."

பிறகு கொழுந்தனின் தோளைத் தட்டி, "வாசிச்சுட்டேன். மாற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினார்.

மேனேஜர் அண்ணியின் பக்கம் வந்து நெளிந்தார். "மன்னிச்சுக்குங்க மேடம், நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்..."

"எங்கிட்ட எதுக்கு சார்? நான் என்ன பண்ணேன்? அங்கே சொல்லுங்க."

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொன்னார். இந்தத் தடவை மெதுவாக. அவள் தலையை மட்டும் அசைத்தாள். விரல்கள் அதற்குள் அந்த வரிகளை எழுதத் தொடங்கியிருந்தன. கொஞ்ச வரிகள்தான். மெமரியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போய்த் துடைத்துவிட்டு வரும் வரிகள். சுவருக்குப் பின்னால் இருந்த பலகையில் கம்பியை மாட்டி ஏற்றினாள்.

"சார், மாஸ்டர் போட்டுட்டு உங்க ஸ்டைல்ல ஒரு தடவை."

டக் டக்.

விளக்கு வரவில்லை. மேனேஜரின் விரல் மறுபடி சுவிட்சை நோக்கித் துடித்தது. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, விளக்குகள் எரிந்தன. கொழுந்தன் பழைய பாசத்தோடு ஒரு கதவை முழங்கையால் இடித்தான். அது அவனைத் தெரியாதது போல இருந்தது.

"இந்த ரெண்டு மூச்சு நேரத்துலதான் உங்களுக்காக ஒரு ஆள் வேலை பார்க்கிறார்" என்றாள் பெண். முதல்முறையாகச் சிரித்தாள். "எங்க பெரிய எஞ்சினியர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கொழுந்தன் இந்தத் தடவை கதவுகளின் மேலிருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனான். தன் நம்பரைக் கண்டுபிடித்து, தன் எண்ணை அழுத்தினான். க்ளிக். உள்ளே இன்னொரு நீலப் பை. அதற்குள் டப்பா. அதற்குள் முட்டை வைத்த ரொட்டி, ஓரம் வெட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, பக்கத்தில் ஒரு துடைக்கும் துணியும் நான்காக மடித்து.

அவன் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை நாள் அது கடையிலிருந்தே மடிந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தான்.

அண்ணியின் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தாள். பேசாமல் அவனிடம் நீட்டினாள். "பூனை கூப்பிடுது."

"நீங்களே ஒரு வார்த்தை..."

"நானா திட்டினேன்?"

போன் அவன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் போன். சுற்றுமுற்றும் பார்த்தான். மேனேஜர் சுவிட்சையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கம்பிகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் எதிரில் போய், ஈரத் தரையில், குந்தி உட்கார்ந்தான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு உங்களைச் சொன்னேன். தப்பு." போனை அவள் பக்கம் நீட்டினான். "நான் சொன்னா எங்க அண்ணன் நம்ப மாட்டார். மெயினுக்கு முன்னாடி ஒரு ஆள் இருக்கார்னு எங்களுக்குச் சொன்னீங்களே, அதை அவருக்கும் ஒரு தடவை சொல்றீங்களா? எனக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கார்னு நான் இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னும் சேர்த்து?"